ஏழாவது வாக்குறுதி

துண்டறிக்கைக் கட்டுகள் வந்து இறங்கியபோது குஷன்காரர் ஒரு பழைய சோபாவைக் குப்புறக் கவிழ்த்துப் போட்டு, அடித்துணியில் அறைந்திருந்த ஸ்டேப்ளர் பின்களை ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொன்றாக நெம்பிக்கொண்டிருந்தார். பகல் பதினொரு மணி. மூன்று நாளாக மழை வருகிற மாதிரி மூட்டம் போட்டு வராமல் ஏமாற்றிக்கொண்டிருந்த புழுக்கம். மின்விசிறியைச் சுற்றவிட்டால் பஞ்சுத்தூள் பறந்து மூக்கில் ஏறும் என்று கடையில் அதைப் போடுவதில்லை. பனியன் முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

அவர் மனைவி அப்போதுதான் இரண்டு தெரு சுற்றி ஓட்டுக் கேட்டுவிட்டு வந்து, செருப்பை உதறிப் போட்டு, உறை மாட்டாத ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். இருபத்திமூன்று வருஷம் நகரப் பேருந்தில் விசில் ஊதியவள். போன வருஷம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டாலும் ஊருக்கு இன்னமும் கண்டக்டரம்மாதான். இப்போது ஒன்பதாவது வார்டுக்குக் குழாய்ச் சின்னத்தில் சுயேச்சையாக நிற்கிறாள். தண்ணீரே வராத வார்டுக்குக் குழாயைச் சின்னமாகக் கொடுத்திருக்கிறார்களே என்று தெருவில் சிரித்தார்கள். "சின்னத்துல இருக்கிற குழாய்லயாவது தண்ணி வரட்டும்னுதான் குடுத்திருக்காங்க" என்று அவளும் சேர்ந்து சிரித்தாள்.

கட்டைப் பிரித்து ஒரு தாளை உருவினாள். நிறுத்தத்தின் பெயரைக் கூவுகிற அதே குரலில் வாசித்தாள். "ஒண்ணு, வாரத்துக்கு நாலு நாள் தண்ணி. ரெண்டு, சாக்கடைக்கு மூடி." விரல் மடக்கிக்கொண்டே வந்தவள் ஆறாவதோடு நின்றாள். தாளைத் திருப்பினாள். பின்பக்கம் குழாயும் அவள் படமும்தான் இருந்தன.

"ஏங்க, ஏழாவதைக் காணோமே."

குஷன்காரர் தலையைத் தூக்கவில்லை. "எது?"

"பேக்கரி சந்து. எரிஞ்சுபோன நாலு கடைக்கும் ரத்தான உரிமத்தைத் திருப்பி வாங்கித் தர்றது."

"அச்சகத்துல விட்டிருப்பாங்க."

சொல்லி வாய் மூடுவதற்குள் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி, பின் ஒன்று கட்டைவிரலில் ஏறியது. அவர் விரலை வாயில் வைத்துச் சப்பினார். பேசாமல் இருக்க அது ஒரு சாக்காக இருந்தது.

"அச்சகத்தம்மா அப்படி விடற ஆளில்லையே. நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

"இந்தப் புழுக்கத்துல நீ எதுக்கு அலையறே. நான் போறேன்."

"சோபா நாளைக்கு டெலிவரின்னு வாக்குக் குடுத்திருக்கீங்க. முடிங்க. நான் அலையறதுக்குன்னே பொறந்தவ."

ஒரு தாளை நாலாக மடித்துப் பையில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அச்சகம் எட்டுத் தெரு தள்ளி. போக வர ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் குஷன்காரர் வேலை பார்த்தார். பழைய துணியை உரித்தார், தளர்ந்த நாடாவை அறுத்துப் போட்டார், புது நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி இழுத்து அடித்தார். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. அந்த வரியை எடுத்தது அவர்தான்.

பத்து நாளைக்கு முன்னால் ரெக்சின் மொத்தக்கடைக்காரர் கடை தேடி வந்திருந்தார். பதினாறு வருஷமாகத் துணி, ரெக்சின், போம், பசை, தின்னர் எல்லாம் அவரிடம்தான். சரக்கு வேண்டுமானால் இவர்தான் போக வேண்டும். அவர் இந்தக் கடைக்குள் வந்ததே இல்லை. வந்தவர் தைத்து வைத்திருந்த உறையின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "தையல் நேர்க்கோடு மாதிரி ஓடுதே தம்பி" என்று பாராட்டினார். பிறகு பணம் வைத்த காகித உறை ஒன்றை எடுத்துத் தையல் மிஷின் மேல் வைத்தார்.

"அம்மா நிக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன். நல்ல மனுஷி. எதிர்ல நிக்கிறவன் காண்டிராக்டர், பணத்தை வாரி இறைக்கிறான். நம்மால முடிஞ்சது. பேரவைக் குடும்ப நிதியில இருந்து."

மண்நெறிப் பேரவை என்றால் ஊரில் தெரியாதவர் இல்லை. 'இந்த மண் ஒரு நெறிக்கே' என்று சுவர் சுவராக எழுதி வைத்திருப்பவர்கள். வேறு வழியில் கும்பிடுகிறவன் எல்லாம் வாடகைக்கு வந்தவன் என்பது அவர்கள் பேச்சு. கையில் தடியோடு வரிசை வரிசையாக ஊர்வலம் போவார்கள். போகும்போது கடைக்காரர்கள் பாதி ஷட்டரை இறக்கி வைப்பார்கள்.

அதெல்லாம் குஷன்காரருக்கும் தெரியும். ஆனால் வேனுக்கும் மைக்குக்கும் முன்பணம் கேட்டு ஆள் வந்துவிட்டுப் போன நாள் அது. குஷன்காரர் உறையை எடுத்து மேசை டிராயருக்குள் போட்டார். யார் கொடுத்தால் என்ன, தண்ணீர்க் குழாய்க்குத்தானே போகப்போகிறது என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். மொத்தக்கடைக்காரர் எழுந்திருக்கும்போது மிஷின் மேல் கிடந்த, அச்சுக்குப் போகவிருந்த துண்டறிக்கைப் படியைப் பார்த்தார். விரல் ஏழாவது வரியில் நின்றது.

"இது மட்டும் எதுக்கு தம்பி? நம்ம ஆளுங்க மனசு சங்கடப்படும். வேற ஒண்ணும் இல்ல."

வேறு ஒன்றும் அவர் சொல்லவில்லை. அன்று மாலை அச்சகத்துக்குப் போன குஷன்காரர், பால்பாயின்ட் பேனாவால் அந்த வரியைக் குறுக்கே அடித்து, ஓரத்தில் 'எடுத்துவிடவும், இடம் போதவில்லை' என்று தன் கையால் எழுதிக் கொடுத்தார்.

கண்டக்டரம்மா திரும்பி வந்தபோது நடையிலேயே தெரிந்தது. வேகமாக வருகிறவள் நிதானமாக வந்தாள். அச்சகத்தில் வாங்கி வந்த படியை விரித்துச் சோபாவின் மேல் வைத்தாள். நீல மையில் அவர் எழுத்து.

"இடம் பத்தலையாம்" என்றாள். "என் படத்தை அரை அடி போட்டிருக்கீங்க. அதைச் சின்னதாக்க இடம் இருந்துச்சு."

அவர் தரையில் கிடந்த பின்களைப் பொறுக்கி டப்பாவில் போட ஆரம்பித்தார்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாத்தான்."

"நீங்களா எதையும் எடுக்க மாட்டீங்க. பழைய சோபாவுல இருக்கிற ஆணியக்கூட டப்பாவுல போட்டு வைக்கிற ஆளு. யாரு சொன்னா?"

அவர் டிராயரைத் திறந்து உறையை எடுத்து நீட்டினார். அதில் முக்கால் பங்கு இருந்தது. கால் பங்கு வேனுக்குப் போயிருந்தது. யார் கொடுத்தது என்பதையும் சொன்னார். சொல்லும்போது மொத்தக்கடைக்காரர் என்று மட்டும் சொல்லிப் பார்த்தார். அவள் விடவில்லை.

"அவர் சொந்தப் பணமா?"

"பேரவைப் பணம்."

கண்டக்டரம்மா உறையைத் தொடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"பத்து நாளா அந்த வேன்லதான் நின்னு கத்திக்கிட்டு இருக்கேன். பேக்கரி சந்துக்குள்ளயும் போனேன். நாலு வீட்டுலயும் உக்கார வச்சுத் தண்ணி குடுத்தாங்க. எந்த வாயால குடிச்சேன்னு எனக்குத் தெரியாமயே குடிச்சிருக்கேன்."

"நீ ஜெயிக்கணும்னுதான்..."

"அவங்க காசுல ஜெயிச்சா நானா ஜெயிச்சேன்? டிக்கெட் எடுக்காம ஏறினவனை நடு வழியில இறக்கி விட்டிருக்கேன். இப்ப நானே அப்படித்தான் போய்க்கிட்டு இருந்திருக்கேன்." உறையைக் கண்ணால் காட்டினாள். "குறையறதை என் ஓய்வுப் பணத்துல இருந்து எடுத்து வைக்கிறேன். நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் போறோம். நீங்கதான் வாங்கினீங்க, நீங்கதான் குடுக்கணும்."

"சரக்கு நிறுத்திடுவாரு."

"நிறுத்தட்டும். ஊர்ல அவர் ஒருத்தர்தான் ரெக்சின் விக்கிறாரா?"

உண்மையில் ஊரில் அவர் ஒருத்தர்தான் விற்றார். அது இருவருக்கும் தெரியும்.

மறுநாள் காலை மொத்தக்கடை அப்போதுதான் திறந்து, சுருள் சுருளாக ரெக்சினைச் சுவரோடு சாய்த்துக்கொண்டிருந்தார்கள். புது ரெக்சின் வாசனை தலையைக் கிறுகிறுக்க வைக்கும். மொத்தக்கடைக்காரர் எழுந்து நின்று வரவேற்று, இரண்டு ஸ்டூல் போடச் சொல்லி, டீ வரவழைத்தார். கண்டக்டரம்மா டீயை வாங்கிக் கீழே வைத்தாள். குஷன்காரர் வாங்கியது கையிலேயே இருந்தது.

"பணத்தைத் திருப்பிக் குடுக்க வந்தோம்" என்றார். குரல் அவர் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது.

மொத்தக்கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று குஷன்காரர் பிற்பாடு பல தடவை நினைத்தார்.

"ஏம்மா, நாங்க குடுத்தா குத்தமா? தண்ணிக்குத்தானே நிக்கறீங்க. தண்ணிக்கு மதம் உண்டா?"

"தண்ணிக்கு இல்ல. உங்க காசுக்கு இருக்கு" என்றாள் கண்டக்டரம்மா. "அதுக்குப் பதிலா ஒரு வரியை எடுக்கச் சொல்லியிருக்கீங்க."

"கேட்டேன். கட்டாயப்படுத்தல. தம்பியையே கேளுங்க." அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு, வீட்டு விசேஷத்தில் விருந்தாளியை உபசரிக்கிற சிரிப்பு. "உங்களுக்காகக் கூட இல்லம்மா. இது தம்பிக்காகச் செஞ்சது. மூணு வருஷம் முன்னாடி பேக்கரி சந்துல அந்தச் சங்கடம் நடந்தப்போ தம்பி எங்க குடும்பத்துக்கு ஒரு உதவி பண்ணினாரு. வாயைத் திறக்கல. என் கூடப்பொறந்த தம்பி இன்னிக்கு வெளியில நடமாடறான்னா அதுக்கு உங்க வீட்டுக்காரர்தான் காரணம். அதை நாங்க மறப்போமா?"

கண்டக்டரம்மா கணவரைப் பார்க்கவில்லை. சுவரோடு சாய்ந்திருந்த சிவப்பு ரெக்சின் சுருளைப் பார்த்தாள்.

"பணத்தை வாங்கிக்கங்க" என்றாள்.

அவர் வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரப் பேருந்து ஏறினார்கள். அவள் பெண்கள் பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவர் கம்பியைப் பிடித்து நின்றார். கண்டக்டர் அவளிடம் வேலை பழகியவன். "அக்கா, உங்களுக்கு என்ன டிக்கெட்டு, சும்மா இருங்க" என்றான். அவள் சில்லறையை அவன் கையில் திணித்தாள். "ஒண்ணு குடு. அவருக்கு அவர் எடுத்துக்குவாரு." அவன் சிரித்துக்கொண்டே குஷன்காரரைப் பார்த்தான். முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, அடுப்பைப் பற்ற வைத்து, அரிசியைக் களைந்து போட்ட பிறகுதான் கேட்டாள்.

"என்ன பாத்தீங்க அன்னிக்கு?"

அவர் சொன்னார். விடுமுறை நாள், மதியம் மூன்று மணி. எங்கோ ஒரு ஊரில் பேரவைக் கொடியைப் பேக்கரி சந்துக்காரர்களின் மதத்தவர் கிழித்துவிட்டார்களாம் என்று காலையிலிருந்தே பேச்சு. எந்த ஊர், யார் கிழித்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவர் கடையின் பரண் மேல் ஏறிப் போம் ஷீட்டை இறக்கிக்கொண்டிருந்தார். பரணின் காற்றுத் துவாரம் நேரே பேக்கரி சந்தைப் பார்க்கும். முதலில் கண்ணாடி உடைகிற சத்தம். எட்டிப் பார்த்தபோது மொத்தக்கடைக்காரர் சந்து முனையில் ஸ்கூட்டர் இன்ஜினை ஓடவிட்டபடி நின்றிருந்தார்; நிமிர்ந்து இவரையும் பார்த்தார். அவருடைய தம்பி பேக்கரி வாசலில், சட்டெனப் பற்றிக்கொள்ளும் தின்னர் டின்னைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். பச்சை மூடி போட்ட டின். இந்தக் கடையிலும் அதே டின் நாலு இருந்தது.

"போலீஸ்காரங்க வந்து கேட்டப்போ ஷட்டரை இறக்கிட்டுத் தூங்கிட்டேன்னு சொன்னேன்."

"என்கிட்டயும் அதைத்தான் சொன்னீங்க."

"ஆமா."

"பேக்கரிக்காரர் தம்பி ரெண்டு விரல் வெந்து ஒட்டிப்போய்க் கிடக்கிறான். ஆஸ்பத்திரிக்கு நான் பழம் வாங்கிட்டுப் போனேன். நீங்க பையைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாலயே வந்தீங்க."

"ஆமா."

"சாட்சி இல்லைன்னுதானே கேஸை மூடினாங்க?"

 இன்னொன்றும் மிச்சம் இருந்தது. அதைச் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"பேக்கரிக்காரர் சனிக்கிழமை சனிக்கிழமை ரொட்டி குடுத்து விடறாரே, எதுக்குத் தெரியுமா? தீயணைப்புக்குப் போன் பண்ணினது நான்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. நம்ம கடைக்குத்தான் சந்து தெரியும், வேற யாரு பண்ணியிருப்பாங்கன்னு அவரா ஒரு முடிவுக்கு வந்துட்டாரு. வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. நான் இல்லைன்னு சொல்லல."

சோறு பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. அவள் எழுந்து மூடியை எடுத்தாள், மறுபடி பற்ற வைத்தாள், வழிந்ததைத் துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நூத்தைம்பது ரொட்டி இருக்கும்" என்றாள் கடைசியில். "நானும் தின்னிருக்கேன். நீங்க போய்ச் சொல்லுங்க. நான் கூட வர மாட்டேன்."

பேக்கரிக்காரர் இப்போது வீட்டுப் பின்கட்டில்தான் ரொட்டி சுடுகிறார். முன்பு கடையில் நின்ற மனிதர், உரிமம் இல்லாததால் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் வீடு வீடாகக் கொடுக்கிறார். குஷன்காரர் போனபோது பேக்கரிக்காரரின் கை முழங்கை வரை மாவாக இருந்தது. அவருடைய தம்பி ஒரு ஓரமாக உட்கார்ந்து, ஒட்டிப்போன இரண்டு விரலுக்கு இடையில் கரண்டியைச் செருகிப் பிடித்துக்கொண்டு, கருகிய தட்டுகளைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"வாங்கண்ணே. உக்காருங்க. அண்ணி பிரசாரம் எப்படிப் போகுது? எங்க சந்து ஓட்டு மொத்தமும் குழாய்க்குத்தான்."

"உக்கார வரல. ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"அன்னிக்குத் தீயணைப்புக்குப் போன் பண்ணினது நான் இல்ல."

பேக்கரிக்காரர் மாவைப் பிசைவதை நிறுத்தவில்லை. "அதுக்கென்னண்ணே இப்ப. பின்ன யாரு பண்ணினா?"

"தெரியாது. நான் பரண் மேல இருந்தேன். எல்லாத்தையும் பாத்தேன். யாரு ஊத்தினது, யாரு ஸ்கூட்டர்ல நின்னது, எல்லாம். போலீஸ்ல கேட்டப்போ தூங்கிட்டேன்னு சொன்னேன்."

பிசைகிற கை நின்றது. பேக்கரிக்காரர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாவை விரல் விரலாக வழித்துப் பாத்திரத்தில் போட்டார். அவர் ஏதாவது திட்டுவார் என்று குஷன்காரர் காத்து நின்றார்.

"அவன்கிட்ட சொல்லுங்க" என்றார் பேக்கரிக்காரர். "கை அவனோடது."

தம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். தட்டைக் கீழே வைத்தான்.

"எப்ப பாத்தீங்க? நான் உள்ள இருந்து கத்தினேனே, அதுக்கு முன்னாடியா, அப்பவா?"

"அப்பவும் இருந்தேன்."

"நான் கத்தினது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அவன் தலையாட்டினான். ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்த ஒரு சின்ன விவரம் கிடைத்துவிட்ட மாதிரி ஆட்டினான். "யாருக்கும் கேக்கலைன்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றான். "ஸ்டேஷனுக்கு வந்து சொல்வீங்களா?"

"வர்றேன்."

"எப்ப?"

"இப்பவே வர்றேன்."

காவல் நிலையம் வரை அவன் முன்னால் நடந்தான், இவர் பத்தடி பின்னால். எழுத்தர் ஒரு வயதான ஆள். சாட்சி சொல்ல வந்திருக்கிறேன் என்றதும் அலுத்துக்கொண்டு, மூடிய கோப்பைத் தேடி எடுக்க முக்கால் மணி நேரம் ஆக்கினார். கூரை மின்விசிறிக்குக் கீழே காகிதங்கள் பறக்காமல் இருக்க, டீ கிளாஸை மேலே வைத்துக்கொண்டு எழுதினார். மொத்தக்கடைக்காரரின் பெயர் வந்த இடத்தில் பேனாவைத் தூக்கி, "யோசிச்சுச் சொல்றீங்களா?" என்று கேட்டார். "யோசிச்சுத்தான்" என்றதும் எழுதினார்.

"இவ்வளவு நாள் ஏன் சொல்லலைன்னு ஒரு வரி வேணும். பயந்துட்டேன்னு போட்டுக்கறேன். எல்லாரும் அதைத்தான் போடுவாங்க."

"பயம் மட்டும் இல்ல சார்."

"பின்ன?"

"சரக்கு அவர்கிட்டதான் வாங்கறேன்."

"சரி, தொழில் காரணம்."

"அது மட்டும் இல்ல." குஷன்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பேக்கரிக்காரரின் தம்பியைப் பார்த்தார். அவன் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. காது மட்டும் இங்கே இருந்தது. "நம்ம ஆளுங்களாச்சேன்னு இருந்துச்சு. எரியறது அவங்க கடைதானேன்னு இருந்துச்சு."

எழுத்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஏங்க, இதையும் எழுதணுமா? உங்களுக்குத்தான் அசிங்கம்."

"எழுதுங்க."

எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார். வெளியே வந்ததும் தம்பி நின்றான். நன்றி சொல்வானோ என்று குஷன்காரருக்குப் பயமாக இருந்தது. "நீங்க மெயின் ரோடு வழியாப் போங்க" என்றான் அவன். "நான் இந்தப் பக்கமாப் போயிக்கறேன்." இரண்டு பேர் வீடும் ஒரே பக்கம்தான்.

அந்த வாரம் கண்டக்டரம்மா முச்சந்தியில் மைக்கைப் பிடித்தாள். பேரவைப் பணம் தன் பிரசாரத்துக்கு வந்ததையும், பத்து நாள் அதில் ஓடியதையும், திருப்பிக் கொடுத்ததையும், அச்சில் விட்டுப்போன ஏழாவது வாக்குறுதியையும் சொன்னாள். "வாங்கினது என் வீட்டுல. அதனால வெக்கம் எனக்கும்தான். ஆனா கடை எரிச்சவன் காசுல குழாய் போட்டா அதுல வர்ற தண்ணியை யாரு குடிக்கிறது?" என்றாள். கூட்டத்தில் சிலர் கை தட்டினார்கள். நிறைய பேர் தட்டவில்லை. மறுநாளிலிருந்து அவள் கும்பிட்டுக்கொண்டு போன தெருக்களில் ஒன்றிரண்டு கதவுகள் அவள் வாசலுக்கு வருமுன்னே சாத்திக்கொண்டன. குஷன் கடை ஷட்டரில் யாரோ சாணியைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள். குஷன்காரரே கழுவினார்.

காண்டிராக்டர் ஜெயித்தார். கண்டக்டரம்மா இரண்டாவதாக வந்தாள். பேக்கரி சந்தின் நாலு கடையும் மூடித்தான் கிடந்தன. சனிக்கிழமை ரொட்டி வருவது நின்றது. பேருந்தில் இரண்டு மணி நேரம் போய் வேறொரு ஊரிலிருந்து ரெக்சின் வாங்கிச் சுருளாகத் தோளில் தூக்கி வந்தார் குஷன்காரர்.

முடிவு வந்த மூன்றாம் நாள் ஒருவழியாக மழை பிடித்துக்கொண்டது. கடையில் இருவரும் இருந்தார்கள். பழைய கோப்பைத் திறந்துவிட்டதாகவும், அடுத்த மாதம் எட்டாம் தேதி சாட்சி சொல்ல வர வேண்டும் என்றும் நீதிமன்றத்திலிருந்து வந்த தாள் மிஷின் மேல் இருந்தது. அவர் ஒரு நீளமான இருக்கைக்கு ரெக்சின் போர்த்திக்கொண்டிருந்தார். தனி ஆளாக இழுத்தால் ஒரு பக்கம் சுருக்கம் விழும். மூன்று தடவை இழுத்துப் பார்த்தார், மூன்று தடவையும் விழுந்தது.

"நான் அந்தப் பணத்துல கையை வச்சிருக்கலைன்னா நீ ஜெயிச்சிருப்பே" என்றார்.

"ஓட்டு போனது நான் மைக்ல பேசினதால. பேசினது நான் எடுத்த முடிவு. அதுல பங்கு கேக்காதீங்க."

"அப்ப என் மேல கோபம் இல்லையா?"

"யாரு சொன்னா இல்லைன்னு?"

மழை ஷட்டரில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் ரெக்சினை மறுபடி பிரித்துப் போட்டார்.

"எத்தனை நாளைக்கு இருக்கும்?" என்று கேட்டார்.

கண்டக்டரம்மா எழுந்து வந்து, அவர் கேட்காமலே ரெக்சினின் அந்த முனையைப் பிடித்துக் குதிகாலை ஊன்றிக்கொண்டாள்.

"நீங்க மூணு வருஷம் எடுத்துக்கிட்டீங்க" என்றாள். "எனக்கும் கொஞ்ச நாள் குடுங்க. ம், இழுங்க."

அவர் இழுத்தார்.